ஓசூரில் தங்கிவிட்ட நம்ம ஆள்

பையில் போட்டிருப்பது கம்ப்யூட்டர் கம்பெனிப் பேர்தானே, அம்மணி? பஸ்ஸில் ஏறும்போதே பார்த்தேன். சன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்குக் காற்று ஆகாது. கோயமுத்தூரா? நல்லது. நான் அவினாசியில் இறங்கிவிடுவேன். அதுவரைக்கும் ஒரு சந்தேகம் கேட்கலாமா? படித்தவர் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மிஷினுக்குள் போகிற புரோகிராமுக்கு மரியாதை கற்றுக்கொடுத்தது தப்பா?

சிரிக்கிறீர்கள். முதலில் எல்லாரும் சிரிப்பார்கள். முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்க.

எனக்குப் பேர் நாச்சிமுத்து. சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீங்க. ஒரு மேசை, ஒரு போன், நான். முதலாளி அர்த்தநாரிக்குப் பதினொரு லாரி. லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போவது பெரிய காரியமில்லை. திரும்பி வரும்போதும் லோடு வேண்டும், அதுதான் காரியம். வெறும் வண்டி வந்தால் ஊருக்கே கேட்கும். பலகையும் சங்கிலியும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு, வீட்டில் ஆளில்லாத நேரத்தில் கதவு அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். லோடு வண்டி அப்படி வராது. நிறைமாதப் பெண் மாதிரி மெதுவாக, ஒரு மூச்சு விட்டுவிட்டு வரும். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவோம், இது இது, அது அது என்று.

போன வருஷம் வைகாசியில் வந்ததெல்லாம் கதவு அடிக்கிற சத்தம்தான். முதலாளி ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"நாச்சிமுத்து, ஆடி வரைக்கும் பாக்கறேன். அப்பவும் வண்டி வெறுசா வந்துச்சுன்னா, பதினொண்ணையும் சேலத்துக் கம்பெனிகிட்ட ஒப்பந்தத்துக்கு விட்டுட்டு ஆபீசைப் பூட்டிருவேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொன்னார். முடிவு பண்ணிவிட்ட மனுஷன்தான் அப்படிச் சொல்லுவான்.

அப்போதுதான் அவர் மருமகள் கோகிலவாணி உள்ளே வந்தது. எம்.ஈ. படித்த பெண். படிக்கும்போதே ஒரு புரோகிராம் செய்து வைத்திருந்ததாம். ஊர் ஊராகப் போய் ரிட்டர்ன் லோடு பிடித்துக்கொண்டு வருமாம்.

"இதுக்கு எதுக்குக் கண்ணு புரோகிராம்? நான் போன் பண்ணிக் கேக்கறதில்லையா?" என்றேன்.

"போன்ல நீங்க இங்கிருந்தே கேக்கறீங்கண்ணா. லைன் போனா பேச்சும் போச்சு. இது அப்படியில்லீங்க. புரோகிராமே இங்கிருந்து கிளம்பி அவங்க மிஷினுக்குள்ள போயிரும். அப்புறம் லைன் அறுந்தாலும் கவலையில்லை. அங்கயே உக்காந்து லோடு லிஸ்டைப் பாத்து, நம்ம வண்டிக்குத் தோதானதை நம்ம பேர்ல பிடிச்சு வெச்சுட்டு, அடுத்த ஊருக்குப் போகும். எல்லா ஊரையும் பாத்து முடிச்சு வீட்டுக்கு வந்தப்புறம்தான் எந்த வண்டிக்கு எந்த லோடுன்னு சொல்லும்."

"ஆள் அனுப்பற மாதிரி."

"ஆள் அனுப்பற மாதிரியேதானுங்க."

அன்றிலிருந்து அதற்கு 'நம்ம ஆள்' என்றே பேர் வைத்துவிட்டேன். கோகிலா ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தது. அது வாயில் நுழையவில்லை. முதல் தடவை செவ்வாய்க்கிழமை அனுப்பப் பார்த்தது; வடக்கே சூலம், வேண்டாம் என்று வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்தேன். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி. மூன்று ஊரையும் சுற்றிவிட்டு நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் திரும்பி வந்துவிட்டது. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் தர்மபுரி மாதையனிடமிருந்து போன். எங்கள் மாதிரியே அங்கே புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர்.

"ஏங்க நாச்சிமுத்து, உங்க ஆள் வந்துட்டுப் போனானாமே?"

"ஆமாங்க."

"எப்ப வந்தான்? வந்ததும் தெரியலை, போனதும் தெரியலை. பாத்தா நாலு லோடு உங்க பேருக்குப் பிடிச்சுக் கெடக்குது. ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? இப்படி வந்துட்டுப் போறவனுக்கு எங்க ஊர்ல வேற பேருங்க."

அதோடு மிஷினில் நம்ம ஆளுக்கு இருந்த அனுமதியை எடுத்துவிட்டார். சேலமும் கிருஷ்ணகிரியும் அதே வாரத்தில் கதவைச் சாத்தின. கோகிலாவுக்குப் புரியவில்லை. "சீக்கிரம் வேலை முடிஞ்சா நல்லதுதானேண்ணா?" என்கிறது. படிப்பு வேறு, நாலு பேரோடு பழகுவது வேறு, அம்மணி. நான் பழக்க வழக்கம் தெரிந்த மனுஷன். என்னிடம் பேசியவர்கள் யாரும் முகம் சுளித்ததில்லை. ஒரே ஒருவன் தவிர. அவனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

கோகிலாவை உட்காரவைத்து மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, உள்ளே போனவுடன் யார் அனுப்பினது என்று சொல்லி வணக்கம் வைக்க வேண்டும். இரண்டு, வீட்டு நலம் விசாரிக்க வேண்டும். பொத்தாம் பொதுவாக இல்லை, அந்தந்த ஆளுக்குத் தகுந்த மாதிரி. தங்கிவிட்டால் தினம் காலையில் விசாரிக்க வேண்டும். மூன்று, அவர்கள் 'போயிட்டு வாங்க' என்று சொன்ன பிறகுதான் கிளம்ப வேண்டும்.

"அண்ணா, அது புரோகிராமுங்க."

"இருக்கட்டும் கண்ணு. போறது நம்ம பேர்லதானே?"

"சரி, அவங்க போயிட்டு வாங்கன்னு சொல்லவே இல்லைன்னா?"

"வந்தவங்களை அப்படி யாராவது உக்காத்தி வெப்பாங்களா?"

அது சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தது. ஒவ்வொரு ஊருக்கும் என்ன விசாரிக்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது. மாதையனுக்கு எருமை கன்று போட்டதைக் கேட்கச் சொன்னேன். திரையில் கேள்வி வரும், கீழே பதில் எழுத இடம், அதற்கும் கீழே 'போயிட்டு வாங்க' என்று ஒரு பொத்தான். மாதையனுக்குப் போன் பண்ணி, ஒரு தடவை மட்டும் உள்ளே விடுங்கள் என்று கெஞ்சினேன். அன்று மத்தியானமே கூப்பிட்டார்.

"இது நல்ல பையனா இருக்கானே. கன்னுக்குட்டி கிடேரியா காளையான்னு கேக்கறான். பதில் அடிக்க எனக்குத்தான் கால் மணி ஆச்சு. பாவம், அதுவரைக்கும் நின்னுட்டிருந்தான். டீ சொல்ல வாயெடுத்துட்டேங்க."

அவர் சொல்லி மற்ற இரண்டு ஊரும் கதவைத் திறந்தன. ஆனி மாதம் பூராவும் அப்படித்தான். சேலத்தில் ஒரு மணி, தர்மபுரியில் ஒரு மணி என்று நம்ம ஆள் உட்கார்ந்து பேசிவிட்டு வரும். சேலத்து வண்டிகள் மூச்சு விட்டுக்கொண்டு வர ஆரம்பித்தன. ஆனால் பெங்களூர்ப் பக்கம் போன நாலு வண்டி மட்டும் அதே கதவு அடிக்கிற சத்தத்தோடு வந்தது. அந்தப் பக்கத்து லோடெல்லாம் ஓசூரில் ஒரே ஆபீஸ் வழியாகத்தான் வரும். அங்கே இருக்கிறவன் முனிரத்தினம்.

அவன்தான் நான் சொன்ன அந்த ஒருவன்.

முனிரத்தினமும் நானும் ஒரே வருஷம் தொழிலுக்கு வந்தவர்கள். அவன் ஓசூர், நான் சங்ககிரி. பகலில் பாதி நேரம் போனில்தான் இருப்போம். அவன் பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகையை எனக்குத் தபாலில் அனுப்பினான். நேரில் வரவில்லை. தபாலில். மற்றவர்களுக்கு அனுப்பலாம், எனக்கு அனுப்பலாமா? நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவனும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அதோடு பேச்சு நின்றது. ஆறு வருஷம். நீங்களே சொல்லுங்க, என் மேல் தப்பு இருக்கிறதா?

சரி, சொல்ல வேண்டாம்.

கோகிலா சொன்னது: "ஓசூர் இல்லாம இந்த ரவுண்டுக்கு அர்த்தமே இல்லீங்கண்ணா. நானே அவர்கிட்டப் பேசி அனுமதி வாங்கிட்டேன்."

"ஆள் போகட்டும். நான் போக மாட்டேன்," என்றேன்.

"விசாரிக்க என்ன எழுதட்டும்?"

"ஏதோ எழுது. முழங்கால் எப்படி இருக்குன்னு கேளு. வலது முழங்கால். மைசூர்ல பொண்ணும் பேத்தியும் சௌக்கியமான்னு கேளு. சும்மா, ஒப்புக்கு."

ஆடி பதினெட்டு முடிந்த மறுநாள் நம்ம ஆள் கிளம்பியது. சேலத்தில் இரண்டு லோடு, தர்மபுரியில் இரண்டு, கிருஷ்ணகிரியில் ஒன்று பிடித்துக்கொண்டு ஓசூருக்குள் போனது. திரும்பவில்லை.

ஒரு நாள் பார்த்தோம். இரண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் கோகிலா ஓசூருக்குப் போன் பண்ணியது. முனிரத்தினம் தங்கமாகப் பேசினானாம்.

"இருக்கட்டும்மா, இப்பதானே வந்திருக்குது. நாலு நாள் இருந்துட்டு வரட்டும். எங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லை."

கேட்டவுடனே புரிந்துவிட்டது எனக்கு. ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டான். பிடித்து வைத்த லோடெல்லாம் நம்ம ஆள் கையில். அது வந்து சேராமல் எந்த வண்டியும் எதையும் ஏற்ற முடியாது. இன்னொரு ஆளை அனுப்பினால், இந்த லோடெல்லாம் ஏற்கெனவே சங்ககிரிக்காரர் பேரில் இருக்கிறது, தர முடியாது என்று எங்கள் பேரைச் சொல்லியே எங்களை விரட்டுகிறது மிஷின். ஏழு வண்டி அங்கங்கே நின்றது. டிரைவர்கள் போன் பண்ணி, அண்ணா துணி துவைச்சுக் காயவெச்சாச்சு, மறுபடியும் துவைச்சாச்சு, என்ன பண்ணட்டும் என்கிறார்கள். ஒன்பதாம் நாள் முதலாளி வந்தார். உட்காரவில்லை.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. சேலத்துக்காரன் கையெழுத்துக்கு வர்றான். உங்க விருந்தாளி அதுக்குள்ள வந்தா பாக்கலாம்."

கோகிலா முகம் வாடிப் போயிற்று. "அந்த மூணாவதை, போயிட்டு வாங்க பொத்தானை, நான் வெச்சிருக்கவே கூடாதுங்கண்ணா," என்றது. அது அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சட்டையை மாற்றிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினேன்.

ஆறு வருஷம் கழித்து அந்த ஆபீஸ் படி ஏறினால் எல்லாம் அப்படியே இருக்கிறது. முனிரத்தினம் மட்டும் கொஞ்சம் சின்னதாகியிருந்தான். மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

"வா," என்றான்.

"ஆளை எதுக்குப் பிடிச்சு வெச்சிருக்கே?"

"நானா பிடிச்சு வெச்சிருக்கேன்? கதவு தெறந்துதான் கெடக்குது. நான் சொல்லாம போக மாட்டேங்குது. யார் வளர்த்த பிள்ளையோ."

"மொதல்ல அந்தப் பொத்தானை அமுக்கு."

"மொதல்ல இங்க வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். ஒன்பது நாளும் அதில் வரிசையாக இருந்தது. முதல் நாள் நம்ம ஆள் கேட்டிருக்கிறது: வணக்கம். சங்ககிரி நாச்சிமுத்து அனுப்பி வந்திருக்கிறேன். சாப்பிட்டாச்சுங்களா? வலது முழங்கால் எப்படி இருக்கிறது? மைசூரில் பெண்ணும் பேத்தியும் சௌக்கியமா? கீழே அவன் பதில்: சாப்பிட்டேன். முழங்கால் அப்படியே. எல்லாரும் சௌக்கியம். அதற்கு நம்ம ஆள்: சந்தோஷம். நீங்கள் சொன்னால் கிளம்புகிறேன். அதற்குக் கீழே அவன் ஒரே ஒரு வார்த்தை அடித்திருந்தான்: இரு.

மூன்றாம் நாள்: படி ஏறினால்தான் வலிக்கிறது. சமதரையில் தெரிவதில்லை. இரு.

ஐந்தாம் நாள்: பேத்தி ஓட ஆரம்பித்துவிட்டாள். நாச்சிமுத்துக்குச் சொல். இரு.

எட்டாம் நாள்: நாச்சிமுத்து எப்படி இருக்கிறான்?

அதற்குப் பதில் சொல்ல நம்ம ஆளுக்குத் தெரியாது. அப்படி ஒன்று கேட்பார்கள் என்று நான் எழுதவைக்கவில்லை. அது தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருந்தது: சந்தோஷம். நீங்கள் சொன்னால் கிளம்புகிறேன்.

இரு.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஓசூரில் தூசி அதிகம், அம்மணி.

"முழங்கால் விஷயம் இதுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றான்.

"கோகிலா யாரையாவது கேட்டு எழுதியிருக்கும்."

"வலதா இடதான்னு கூடவா?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"அந்தக் காலுதாம்ப்பா," என்றான். "கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கறப்ப வழுக்கி விழுந்து, மாவுக்கட்டு போட்டுப் படுத்துக் கெடந்தேன். ஒருத்தருக்கும் நேர்ல வெக்கலை. எல்லாருக்குமே தபால்தான். உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் தெரிய வந்தது இரண்டு வருஷம் கழித்து, ஒரு டிரைவர் சொல்லி. அதற்குள் கோபம் பழகிப்போயிருந்தது. பழகினதை விடுவது லேசா? அதை அவனிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

"தபால்ல பத்திரிகை வெச்சதுக்கு நீ ஆறு வருஷம் பேசலை. இப்ப நீ நலம் விசாரிக்க மிஷினை அனுப்பியிருக்கே. தபால்காரராவது வேர்வை வழிய சைக்கிள்ல வந்தாருப்பா."

இதற்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஞாபகம் வந்தது. இப்போது மறந்துவிட்டது.

"முனிரத்தினம்," என்றேன். அந்தப் பேரை நான் வாயால் சொல்லி அவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. "நாளைக்குள்ள இது வந்து சேரலைன்னா எங்க ஆபீசைப் பூட்டறாங்க. எனக்கு வேற எடம் தெரியாது. அனுப்பி வை."

அவன் என்னைப் பார்த்தான். "ஆபீசைப் பூட்டறாங்களா? ஏப்பா, இதைச் சொல்ல ஒன்பது நாளா? ஒரு போன் போதாதா?" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் கையிலிருந்த லிஸ்டில் இருந்த பெங்களூர் லோடு நாலையும் எங்கள் பேருக்கு ஏற்றினான். கிரானைட் இரண்டு, புளி ஒன்று, மோட்டார் சாமான் ஒன்று. அப்புறம் பொத்தான் மேல் விரலை வைத்தான்.

"போயிட்டு வாப்பா," என்று வாய்விட்டே சொல்லிவிட்டு அமுக்கினான்.

திரை வெறுமையாகிவிட்டது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். காபி வருவதற்குள் கோகிலாவிடமிருந்து போன். வந்துவிட்டது, ஏழு வண்டிக்கும் லோடு இருக்கிறது, இரண்டு லோடு மிச்சம்கூட இருக்கிறது என்று மூச்சு வாங்கச் சொன்னது. பின்னால் முதலாளி குரல் கேட்டது: "சேலத்துக்காரனை அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லும்மா. நாச்சிமுத்தை நிதானமா வரச் சொல்லு."

ஆபீஸ் பிழைத்தது. இன்றைக்கும் நான் அதே மேசையில்தான் இருக்கிறேன். நம்ம ஆள் இப்போது பதினாலு ஊர் சுற்றுகிறது. ஈரோட்டு மஞ்சள்காரர்கள்கூட வந்து, எங்களுக்கும் இப்படி விலை விசாரித்து வர ஒரு ஆள் செய்துகொடுக்க முடியுமா என்று கோகிலாவைக் கேட்டிருக்கிறார்கள். மரியாதையோடு சேர்த்துத்தான் வேண்டுமாம். அதைக் கேட்டு நான் ஒன்றும் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் முனிரத்தினம் பண்ணினதைக் கேளுங்க. மறு வாரமே கோகிலாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். "ஓசூருக்கு மட்டும் அந்த விசாரிப்பெல்லாம் வேணாம்மா. வந்தமா, லோடைப் பாத்தமான்னு போயிட்டே இருக்கட்டும். மத்ததை நாச்சிமுத்து கேட்டுக்குவான். தினம் காலையில பத்து மணிக்கு."

ஓசூரில் நம்ம ஆள் இப்போது தும்முவதற்குள் வேலையை முடித்துவிட்டு வந்துவிடுகிறது. அரை மணி நேரம் மாட்டிக்கொள்வது நான். ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லை. பேத்தி என்ன பேசினாள், காலையில் என்ன பலகாரம், எண்ணெய் தேய்த்தால் முழங்கால் கேட்கிறதா இல்லையா, இதெல்லாம் வேலை நேரத்தில் பேசுகிற பேச்சா? மிஷின் வந்தால் வேலை குறையும் என்றுதானே உங்கள் கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள்? எனக்குக் கூடித்தான் இருக்கிறது. போன புதன்கிழமை அவன் ஏதோ விசேஷத்துக்குப் போய்விட்டான், பேசவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் ஓய்வாக இருக்கலாம் என்று பார்த்தால் என்னவோ ஒரு வேலையும் ஓடவில்லை. இத்தனை வருஷம் ஒரு நாள் லீவு போடாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஓய்வு கிடைத்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

பெருந்துறை தாண்டியாச்சா? மணி என்ன, அம்மணி? ஒன்பதே முக்காலா? இன்னும் கால் மணி இருக்கிறது. கேட்டீர்களா, போன் அடிக்கிறது பாருங்க. அவன்தான். பத்து மணி என்று சொன்னவனுக்குப் பத்து மணி வரைக்கும் பொறுக்க முடியவில்லை. ஒரு நிமிஷம் இருங்க.

ஆங், சொல்லு. சாப்பிட்டேன், சாப்பிட்டேன். நீ?